நிருபர்: சொல் விளக்கம்

நிருபர் என்றால் நிகழ்வு நடந்த இடத்துக்குப் போய், விவரம் திரட்டி, இதழுக்கோ தொலைக்காட்சிக்கோ எழுதி அனுப்புபவர். 'நிரூபர்' என்று நெடிலிட்டு எழுதுவோரும் உண்டு. அச்சில் நிலைத்தது குறில் வடிவம். இதற்கு இன்று நாம் பயன்படுத்தும் நல்ல தமிழ்ச் சொல் 'செய்தியாளர்'.

இதழியல் மாணவனான எனக்கு 'நிருபர்' என்ற சொல் மேல் தனிப் பிடிப்பு உண்டு. துல்லியம், நடுநிலை, சரிபார்ப்பு என்று நெறிகளை வரிசையாகப் படிக்கிறோம். அவை அனைத்துக்கும் முன்னால் வரவேண்டிய ஒன்று இருக்கிறது: நேரில் போய் நிற்பது. இந்தச் சொல்லின் வரலாறே அதைச் சுற்றித்தான் ஓடுகிறது.

நிருபர் என்பது 'நிருபம்' என்ற சொல்லின் வழியே வந்தது. நிருபம் என்றால் கடிதம். மேலிடத்திலிருந்து எழுத்தில் வரும் ஆணைக்கும் அந்தப் பெயர் இருந்தது. பழைய மொழிபெயர்ப்பு விவிலியத்தைப் புரட்டியவர்களுக்கு இது புதிதல்ல. 'பவுல் ரோமருக்கு எழுதின நிருபம்' என்றுதான் அங்கே தலைப்பு இருக்கும். வடமொழியில் கூர்ந்து நோக்குதல், ஆராய்தல், எடுத்துரைத்தல் என்று பொருள் தரும் அடியிலிருந்து வந்த சொல் இது. நாம் அன்றாடம் சொல்லும் 'நிரூபணம்' அதே குடும்பம். கடிதமும் சான்றும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

செய்யுளில் 'நிருபன்' என்று வந்தால் அது அரசன். அந்தச் சொல் மனிதரைக் காப்பவன் என்று பொருள்படும் 'ந்ருப' என்பதிலிருந்து வந்தது. ஓசை ஒன்றுபோல இருப்பதால் இரண்டையும் முடிச்சுப் போட வேண்டாம்.

கடிதம் எழுதுபவர் செய்தி தருபவராக மாறியது எப்படி? ஆங்கிலத்தில் நிருபரைக் குறிக்கும் 'கரஸ்பாண்டென்ட்' என்ற சொல்லுக்கும் கடிதப் போக்குவரத்து வைத்திருப்பவர் என்பதே பழைய பொருள். தொலைவில் நடப்பதை அங்கிருப்பவர் கடிதமாக எழுதி அனுப்புவார். இதழ் அதை அச்சிடும். 1854-இல் கிரீமியப் போர்முனைக்கு லண்டன் 'டைம்ஸ்' இதழ் அனுப்பிய வில்லியம் ஹோவர்ட் ரஸ்ஸல் அப்படித்தான் எழுதினார். அக்டோபர் 25 அன்று பாலக்லாவாவில் பிரிட்டிஷ் குதிரைப்படை பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்து சிதைந்ததை அவர் பார்த்து எழுதினார். வாசகர் கைக்கு அது வந்து சேர்ந்தது நவம்பர் 14 அன்று. கிட்டத்தட்ட மூன்று வாரம். அத்தனை தாமதமாக வந்தும் அது நாட்டையே உலுக்கியது, ஏனென்றால் எழுதியவர் அங்கே இருந்தார். தமிழ் நாளிதழ்களில் செய்திக்கு மேலே 'நமது நிருபர்' என்று போடும் வழக்கமும் இந்த மரபில் வந்ததே. இலங்கை இதழ்களில் 'விசேட நிருபர்' என்று பார்க்கலாம். அந்த 'நமது' என்ற சொல்லுக்கு ஒரு கனம் உண்டு. வாசகர் போக முடியாத இடத்துக்கு அவருக்காக ஒருவர் போயிருக்கிறார் என்ற வாக்குறுதி அதில் இருக்கிறது.

'ரிப்போர்ட்டர்' வேறு வேர். இலத்தீனில் திரும்பச் சுமந்து வருதல் என்று பொருள். போனால்தானே சுமந்து வர முடியும்!

இன்றைய செய்தியின் தரத்தை அளக்க நான் பயன்படுத்தும் அளவுகோலும் இதுதான். நம் செய்திகளில் அடிக்கடி வரும் ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்: 'இதனால் அப்பகுதியில் பெரும் பரபரப்பு ஏற்பட்டது.' அங்கே நின்றிருந்த ஒருவர் இந்த வரியை எழுதமாட்டார். கடைகளின் கதவுகள் பாதி இறங்கின, பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப்போகப் பெற்றோர் ஓடிவந்தனர், பேருந்து அரை மணி நேரம் நின்றது என்று கண்ணில் பட்டதை எழுதுவார். பரபரப்பு என்பது காட்சி அல்ல. காட்சி கிடைக்காதபோது போடும் ஒட்டு. 'கூறப்படுகிறது', 'தெரிகிறது' என்று முடியும் வாக்கியங்களும் அப்படியே. யார் கூறினார், யாருக்குத் தெரிகிறது என்று கேட்டால் வாக்கியத்தில் ஆளே இல்லை. பெயர் வெளியிட முடியாத நியாயமான காரணம் சில இடங்களில் இருக்கும். அப்போது அந்தக் காரணத்தை வாசகரிடம் சொல்லிவிடலாம். ஆனால் பெரும்பாலும் இத்தகைய வாக்கிய முடிவு கேட்டறியாத விவரத்தை மூடும் துணியாகவே பயன்படுகிறது. என் வகுப்பில் எழுதும் பயிற்சிச் செய்திகளில்கூட இந்த முடிவுகள் கை பழகி வந்துவிடுகின்றன.

தொழில் பக்கம் பார்த்தாலும் இதே கவலை. படித்து முடித்தவர்களுக்குக் கிடைக்கும் வேலைகளில் நிறைய, நாற்காலியில் உட்கார்ந்து செய்பவை: முகமை அனுப்பிய செய்தியைத் திருப்பி எழுதுவது, சமூக வலைத்தளத்தில் பரவும் காணொளிக்குத் தலைப்பு வைப்பது. அதுவும் திறமை வேண்டும் வேலைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒருவர் போய்ப் பார்த்ததைப் பத்துப் பேர் திருப்பி எழுதும்போது, அந்த ஒருவர் தவறினால் பத்தும் தவறும். அந்த ஒருவருக்கோ ஊதியம் குறைவு. பல இடங்களில் பகுதிநேர நிருபருக்கு மாதச் சம்பளம் கிடையாது. வெளியான செய்திக்கு மட்டும் பணம். ஆங்கிலத்தில் இவரை 'ஸ்ட்ரிங்கர்' என்பார்கள். வெளியான பத்திகளின் நீளத்தை நூலால் அளந்து கூலி கொடுத்ததால் வந்த பெயர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். முழம் போட்டு அளக்கும்போது, சரிபார்க்கச் செலவழித்த நாள் எந்தக் கணக்கிலும் வராது.

இனி 'செய்தியாளர்'. 'செய்' என்ற வினையடியிலிருந்து பிறந்தது செய்தி. செயல் என்பது அதன் முதற்பொருள். புறநானூற்றின் 34-ஆம் பாடலில் ஆலத்தூர் கிழார் 'செய்தி கொன்றோர்க்கு உய்தி இல்' என்கிறார். அங்கே செய்தி என்பது ஒருவர் செய்த நன்மை. நடந்த செயலைக் குறித்த சொல் பின்னர் அந்தச் செயலைப் பற்றிய தகவலுக்குப் பெயராயிற்று. 'ஆளர்' என்ற ஈறு சேர்ந்தால் செய்தியைக் கையாள்பவர். நிருபருக்கு நேர் மொழிபெயர்ப்பாக வந்ததல்ல இச்சொல்; கடிதத்தை விட்டுவிட்டுச் செயலைப் பிடித்துக்கொண்டது. அதனாலேயே இது இன்னும் பொருத்தம் என்பேன். அமைச்சர் ஒருவர் மற்றொருவரை ஏசினார் என்பது மட்டுமே நாள் முழுவதும் ஓடினால், அதில் செயல் எங்கே என்று தேடத் தோன்றுகிறது.

பழந்தமிழில் தகவல் திரட்டும் தொழிலுக்கு 'ஒற்று' என்று பெயர். ஒற்றர் அரசனுக்கு வேலை செய்தவர், செய்தியாளர் மக்களுக்கு வேலை செய்பவர். இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது. ஆயினும் சரிபார்ப்பு பற்றி ஒற்றாடல் அதிகாரம் சொல்வதை விட்டுவிட மனம் வரவில்லை. ஓர் ஒற்றன் தந்ததை வேறோர் ஒற்றனால் அறிந்து ஒப்பிட வேண்டும் என்கிறது 588-ஆம் குறள். அடுத்த குறள், ஒருவரை ஒருவர் அறியாத மூவரின் சொல் ஒத்துப்போனால் நம்பலாம் என்கிறது. ஒரே வாட்ஸ்அப் குழுவிலிருந்து மூவர் எடுத்தனுப்புவது மூன்று சான்று ஆகாது என்பதை வள்ளுவர் 'உணராமை ஆள்க' என்ற இரு சொற்களில் முடித்துவிட்டார்.

வழக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று. திரையில் செய்தி படிப்பவரையும் விவாதம் நடத்துபவரையும் செய்தியாளர் என்று அழைப்பது பெருகிவருகிறது. முன்னவருக்குச் செய்தி வாசிப்பாளர், பின்னவருக்கு நெறியாளர், மேசையில் திருத்துபவருக்கு உதவி ஆசிரியர் என்று தெளிவான சொற்கள் இருக்கின்றன. சிறப்பு நிருபர் சிறப்புச் செய்தியாளர் ஆவார்; வல்லின 'ச்' விடக்கூடாது. 'நிருபர்களுக்குப் பேட்டி' என்பதைச் 'செய்தியாளர் சந்திப்பு' ஏறத்தாழ முழுமையாகவே மாற்றிவிட்டது. களத்துக்குப் போகிறவரைத் தனித்துக் காட்ட வேண்டுமானால் 'களச் செய்தியாளர்' என்று எழுதலாம்.