ஈர உப்பு மணலில் மெட்டல் டிடெக்டர்: ராமநாதபுரம் கரையில் தேடுவோர் கவனத்துக்கு

அக்னி தீர்த்தத்திலோ அரிச்சல்முனையிலோ மோதிரமோ சங்கிலியோ விழுந்துவிட்டால், டிடெக்டரை எடுத்தவர் முதலில் செய்வது சென்சிடிவிட்டியை (கருவியின் உணர்திறனை) உச்சத்தில் வைப்பது. இந்தக் கரையில் தேடலைக் கெடுப்பதே அதுதான்.

உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். அதனால் அலை நனைத்த மணலையே கருவி உலோகம் என்று எடுத்துக்கொண்டு விடாமல் கத்தும். அதைவிடப் பெரிய சிக்கல், உப்பின் சிக்னலும் மெல்லிய தங்கச் சங்கிலியின் சிக்னலும் கருவியின் திரையில் ஏறக்குறைய ஒரே எண்ணில் விழுவது. சத்தம் பொறுக்காமல் டிஸ்கிரிமினேஷனில் (வேண்டாத சிக்னலை ஒதுக்கும் அமைப்பில்) அந்த எண்ணை வெட்டினால் சங்கிலியும் சேர்ந்து மறைந்துவிடும். வெட்டாதீர்கள், சென்சிடிவிட்டியைப் படிப்படியாகக் குறையுங்கள்.

கருமணல் கொடுக்கும் தொல்லை வேறு வகை. மாக்னடைட், இல்மனைட் துகள்களின் காந்தத்தன்மைதான் அங்கே காரணம். ஒரே அதிர்வெண்ணில் ஓடும் கருவியை உப்புக்குச் சரிசெய்தால் கருமணலில் கத்தும், கருமணலுக்குச் சரிசெய்தால் உப்பில் கத்தும். பாலித்தீன் பையில் சுற்றிய காந்தத்தை மணலில் இழுத்துப் பாருங்கள். கறுப்பாக மொய்த்தால் பல அதிர்வெண் கருவி இல்லாமல் அங்கே மெனக்கெடுவது வீண்.

உலோகம் இல்லாத இடத்தில் காயிலை (கருவியின் அடியில் உள்ள தேடும் தட்டை) 30 செ.மீ. உயரத்துக்கும் 5 செ.மீ. உயரத்துக்கும் இடையே ஏற்றி இறக்கி, சத்தம் மாறாமல் நிற்கும் வரை கிரவுண்ட் பேலன்ஸ் செய்யுங்கள், அதாவது மண்ணின் சிக்னலைக் கருவி ஒதுக்கும்படி சரிசெய்யுங்கள். வீச்சு நீர்க்கோட்டுக்கு இணையாகப் போகட்டும். அப்போதுதான் ஒரே வீச்சில் காய்ந்த மணலும் ஈர மணலும் மாறி மாறி வராது. ஈரம் மாறியதும் பேலன்ஸை மறுபடி செய்யுங்கள். தொலைந்ததைப் போன்ற ஒரு நகையைத் தங்கூசியில் (நைலான் தூண்டில் நரம்பில்) கட்டி 10 செ.மீ. ஆழத்தில் புதைத்துக் கேட்டுப் பார்ப்பது நல்லது. அதுவே கேட்கவில்லையென்றால் தேடிப் பயனில்லை.

மின்துடிப்பை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் பல்ஸ் இண்டக்‌ஷன் கருவிக்கு உப்பு பெரிய தடையல்ல. உப்பின் எதிரொலி சில மைக்ரோ நொடிகளில் அடங்கிய பிறகே அது கேட்கிறது. ஆனால் மெல்லிய சங்கிலியின் எதிரொலியும் அதற்குள் அடங்கிவிடக்கூடும். இரும்பையும் அது சரியாகப் பிரித்துக் காட்டாது. 1964 புயல் அழித்த தனுஷ்கோடியில் துருப்பிடித்த ஆணி ஒவ்வொன்றுக்கும் குழி தோண்ட வேண்டிவரும்.

வேலை முடிந்ததும் காயிலை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

பழங்காலப் புதையல் கிடைத்து, மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும்.

பெரிய, அழுத்தமான இரும்புச் சிக்னல் வந்தால் கடப்பாரையை இறக்காதீர்கள். 2018-ல் தங்கச்சிமடத்தில் கழிவுநீர்த் தொட்டிக்குத் தோண்டிய குழியில் பெட்டி பெட்டியாகப் பழைய தோட்டாக்களும் வெடிபொருட்களும் கிடைத்தன. துருப்பிடித்த வெடிபொருளும் வெடிக்கும். இடத்தை அடையாளம் வைத்து, ஆட்களை விலக்கி, 100-க்குப் பேசுங்கள்.