மரத்து மூட்டில் விழும் சருகு

கன்று நடும்முன் மண்ணைப் பார்க்கக் கூப்பிடுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "சார், எது சீக்கிரம் நிழல் தரும்?" என்றுதான். உதிரும் இலை மண்ணை என்ன செய்யும் என்று கேட்பவர் குறைவு. நாகர்கோவில், மார்த்தாண்டம் போன்ற நெரிசலான ஊர்களில் அதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

மரம் காற்றிலிருந்து எடுத்த கார்பன் முழுவதும் தடியிலேயே தங்கிவிடுவதில்லை. காய்ந்த சருகின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன்தான். அதை மண்ணின் நுண்ணுயிர்கள் தின்னும்போது ஒரு பங்கு கரியமில வாயுவாக வெளியேறுகிறது, மிச்சம் மண்ணில் சேருகிறது. எவ்வளவு வேகத்தில் என்பதில் மர வகைக்குப் பெரிய பங்கு உண்டு.

புங்கன் இலையில் தழைச்சத்து அதிகம். வயலுக்குத் தழையுரமாகப் போட்டது அதற்காகத்தான். சீக்கிரம் மட்கும், வாயுவும் சீக்கிரம் வெளியேறும். ஆனால் அதைத் தின்று மடிந்த நுண்ணுயிர்களின் எச்சம் களித் துகள்களோடு ஒட்டிக்கொண்டு வெகுகாலம் கிடக்கும். சவுக்கு, யூகலிப்டஸ் சருகு நேர் எதிர். மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் மிகுந்தது, மட்கத் தாமதமாகும், மேலே மெத்தையாகக் குவியும். அதுவும் சேமிப்புதான், ஒரு தீக்குச்சி உரசும்வரை. அதனால் ஒரே வகையை வரிசையாக நட வேண்டாம் என்பேன். புங்கனோடு வேம்பு, நாவல், புன்னை. இடம் தாராளமாக இருந்தால் பலா இனத்து அயனி.

2017 ஒக்கி புயலுக்கு அப்புறம் வீட்டருகே மரமே வேண்டாம் என்கிறவர்களின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் மரத்தின் அடிமூடுவரை சிமெண்ட் போட்டு வேரை நெருக்கினால் எந்த மரம்தான் பிடித்து நிற்கும்?

இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் கன்னியாகுமரி. ஈரமும் வெப்பமும் சேர்ந்திருக்கும் மாதங்கள் அதிகம், ஆகவே மட்குவதும் வேகம். தண்ணீர் கட்டும் குழியில் யூரியாவையும் அள்ளிப் போட்டால் நைட்ரஸ் ஆக்சைடு கிளம்பும். 100 ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல் சுமார் 273 மடங்கு சூடேற்றக்கூடியது. கன்றுக்கு மட்கிய சாணம் போதும்.

எனக்குக் கோபம் வருவது காலையில் சருகைக் கூட்டித் தீ வைப்பதைப் பார்க்கும்போதுதான். மாதக்கணக்கில் மண்ணுக்குப் போக வேண்டியது நிமிடங்களில் புகையாகிவிடுகிறது. முற்றம் சுத்தமாக இருக்கட்டும், சரி. கூட்டிய சருகை மரத்து மூட்டிலேயே ஒதுக்குங்கள், தடியை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி. இன்டர்லாக் கல் பதிக்க வருகிறவரிடம், மூட்டைச் சுற்றி மூன்றடி மண்ணாவது விடச் சொல்லுங்கள்.