புல்வெளியில் மரம் நடாதீர்கள்

நீலகிரியின் உயர்மலைப் புல்வெளிகளை மீட்டெடுக்கும் பணியில் இருப்பதால், மழைக்காலம் தொடங்கும்போதெல்லாம் ஒரே வேண்டுகோள் என்னிடம் வருகிறது: மொட்டையாகக் கிடக்கும் சரிவுகளில் மரக்கன்றுகள் நட இடம் காட்ட வேண்டும் என்பது. நல்ல மனத்தோடு கேட்பவர்களிடம் மறுப்பது எளிதன்று. ஆயினும் அந்தச் சரிவுகள் மொட்டையல்ல என்பதை ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருக்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 1,800 மீட்டருக்கு மேல், மலைமடிப்புகளில் குட்டையான சோலைக் காடுகளும் அவற்றைச் சூழ்ந்த சரிவுகளில் புல்வெளியும் அமைந்துள்ளன. வரப்புக் கட்டியதுபோல் சோலை முடிந்து புல் தொடங்குவதைப் பார்ப்பவர்கள், மரங்களை யாரோ வெட்டிவிட்டார்கள் என்றே எண்ணுகிறார்கள். அந்த எல்லையை வகுப்பதில் உறைபனிக்குப் பெரும் பங்கு உண்டு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, மேகமற்ற இரவுகளில் திறந்த சரிவின் தரை உறைநிலைக்குக் கீழே குளிர்ந்துவிட, அங்கு முளைத்த சோலைக் கன்றுகளின் தளிர்கள் கருகுகின்றன. சோலைக்குள்ளோ இலைக்கூரை தரையின் வெப்பத்தைக் காப்பதால் கன்றுகள் பிழைக்கின்றன. பனியைத் தாங்கிப் புல்வெளியில் தனித்து நிற்கும் மரம் காட்டுப்பூவரசு (ரோடோடென்ட்ரான்). அதன் நெருங்கிய உறவுகள் இடைப்பட்ட சமவெளிகளில் எங்கும் இல்லாமல், தொலைவிலுள்ள இமயமலையிலும் இலங்கையின் உயர்ந்த மலைகளிலும் வளர்கின்றன.

நீலகிரிச் சதுப்புகளில் மக்கிப் படிந்த தாவர எச்சங்களை ஆராய்ந்தவர்கள், 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்குப் புல்வெளி இருந்ததையும், ஈரமும் வறட்சியும் மாறி மாறி வந்ததற்கேற்பச் சோலையும் புல்லும் விரிந்து சுருங்கியதையும் கண்டறிந்துள்ளனர். காட்டை அழித்து மனிதர் உண்டாக்கிய வெளி அன்று இது. வரையாடு மேய்வதும், 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை குறிஞ்சி பூப்பதும் இங்கேதான். நீலகிரிப் பழங்குடியினரான தொதவர் தம் கோயில்களுக்கு வேயும் புல்லும் இதன் ஈரநிலங்களில் விளைவதே.

இதைத் தரிசு எனக் கருதிய ஆங்கிலேயர், 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவின் கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) சீகை மரத்தையும் (வாட்டில்) கொண்டுவந்தனர். விறகுக்காகவும் தோல் பதனிடும் பட்டைக்காகவும் அத்தோட்டங்கள் விடுதலைக்குப் பின்னும் பெருகின. புல்வெளியைக் கற்பூரத் தோட்டமாக்கினால் ஓடைநீர் குறைகிறது என்பதை நீலகிரியிலுள்ள கிளென்மார்கனில் நடந்த நீரியல் ஆய்வுகள் காட்டியுள்ளன. இம்மலை ஓடைகளே மாயாற்றையும் பவானியையும் நிரப்புகின்றன என்பதால் அந்த இழப்பு மலையோடு நிற்பதில்லை.

சீகையை வெட்டிவிட்டால் புல் தானே வந்துவிடும் என்பது நான் அடிக்கடி கேட்கும் மற்றொரு தவறான நம்பிக்கை. மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும் அதன் விதைகள், வெயில் பட்டதும் நாற்றங்கால்போல் அடர்ந்து முளைக்கின்றன. அவற்றை ஆண்டுதோறும் வேரோடு பிடுங்கி, அருகிலுள்ள நல்ல புல்வெளியிலிருந்து எடுத்த நாட்டுப் புல் தூர்களை நெருக்கமாக நட்டு, நிலம் மூடும்வரை விடாமல் களையெடுக்க வேண்டும்.

ஆகவே மரம் நட விரும்புவோர், அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று முதலில் அங்குள்ள முதியவர்களிடம் கேளுங்கள். சோலை அழிந்த மடிப்பாக இருந்தால் சோலைக் கன்றுகளை நடலாம். புல் இருந்த சரிவாக இருந்தால், கன்றுகளை விட்டுவிட்டுச் சீகை பிடுங்க எங்களோடு வாருங்கள்.