கேரக்டர் ஷீட்டில் எந்த எண் எங்கே இருக்க வேண்டும்?

டேபிள்டாப் ரோல்பிளேயிங் விளையாட்டில் திரை கிடையாது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பேசிப் பேசியே கதையை நகர்த்துவார்கள். முடிவு தெரியாத இடத்தில் பகடை உருளும். உங்கள் கதாபாத்திரத்தின் பலம், திறமை, காயம், கையிருப்பு எல்லாம் எழுதியிருக்கும் தாள்தான் கேரக்டர் ஷீட்.

நம் மனது ஒரே நேரத்தில் ஏறக்குறைய நாலு விஷயங்களைத்தான் பிடித்துவைக்கும் என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001-இல் எழுதினார். கதையே அந்த இடத்தை நிரப்பிவிடும். எண்களைத் தாள்தான் சுமக்க வேண்டும்.

முட்டத்திலிருந்து கிளம்பிய வள்ளம் ஒன்றை வைத்து விளையாடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். நடுக்கடலில் என்ஜின் நின்றுவிட்டது, நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், பாறைப்பக்கம் இழுக்கிறது. துடுப்புப் போட்டுத் தப்ப முடியுமா? கதாபாத்திரத்தின் வலிமையும் பகடையும் சேர்ந்துதான் அதைச் சொல்லும். இந்த வகை விளையாட்டுகளில் ஒன்றான, 1974-இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் மூன்று ஆறு முகப் பகடைகளை உருட்டித்தான் வலிமையைக் குறித்தார்கள். அதன் 2014 பதிப்பின் விதிப்படி, வலிமை 15 என்றால் 20 முகப் பகடையில் விழுவதோடு 2 கூட்ட வேண்டும். 14-க்கும் அதே 2 தான். ஆக, மேசையில் அடிக்கடி தேவைப்படுவது அந்த +2. அது பெரிதாகவும், 15 ஓரத்தில் சிறிதாகவும் இருக்கட்டும். பல ஷீட்களில் இது தலைகீழாக இருக்கிறது, பார்க்கவே வருத்தமாக இருக்கும்.

அடுத்தது, எது அடிக்கடி மாறும் என்பது. பெயரும் ஊரும் மாறாது, மேலே ஒரு வரி போதும். காயம் நிமிடத்துக்கு நிமிடம் ஏறி இறங்கும். ஒரே இடத்தில் அழித்து அழித்து எழுதினால் தாள் கிழியும். பழைய எண்ணை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதுகிற அளவுக்குக் கட்டம் அகலமாக வேண்டும். மண்ணெண்ணெய் போலக் குறைந்துகொண்டே போவதற்கு ஐந்தைந்தாகச் சின்ன வட்டங்கள் போதும். தீரத் தீர அடித்துக்கொண்டே வரலாம், எண்ணாமலே மிச்சம் தெரியும்.

அப்புறம், தமிழில் செய்பவர்கள் வரி இடைவெளியைத் தாராளமாக விடுங்கள். ‘கீ’யின் மேல்சுழியும் ‘கூ’வின் சுழியும் நெருக்கமான கட்டத்தில் முட்டிக்கொள்ளும்.

வரைந்து முடித்ததும் விதி தெரியாத ஒருவரிடம் தாளைக் கொடுத்து, “நீச்சலுக்கு எவ்வளவு கூட்டணும்?” என்று கேளுங்கள். அவர் விரல் முதலில் எங்கே போகிறதோ, அடுத்த பிரதியில் அந்த எண்ணை அங்கே வையுங்கள்.