ரசிகர் எப்படி விசிறி ஆனார்?

‘மின்மினி விசிறிகள் திரையரங்குகளை நிறைத்தனர்’ என்ற வரியை அண்மையில் ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரையில் படித்தேன். ‘ஃபயர்ஃபிளை’ (மின்மினி) என்ற அமெரிக்க அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடரையும் அதிலிருந்து பிறந்த ‘செரினிட்டி’ என்ற திரைப்படத்தையும் பற்றிய கட்டுரை அது. தொடரின் ரசிகர்களைத்தான் அது ‘விசிறிகள்’ என்றது. இந்தப் பின்னணி தெரியாமல் அந்த வரியை மட்டும் படிப்பவர், மின்மினிப் பூச்சியின் படம் வரைந்த பனையோலை விசிறிகளைத் திரையரங்கு முழுக்க யாரோ அடுக்கி வைத்துவிட்டார்கள் என்றே நினைப்பார். அதே கட்டுரையில் ரசிகர்கள் எழுதும் கதைகளைக் குறிக்கும் ‘விசிறிப் புனைகதை’யும் ரசிகர் கூட்டத்தைக் குறிக்கும் ‘விசிறியுலக’மும் வந்தன, இரண்டு பத்தி தள்ளித் ‘தீவிர விசிறி’ ஒருவரும் வந்தார். மின்விசிறியை ஐந்தாம் எண்ணில் வைத்தால் அதுதான் தீவிர விசிறி. மனிதரை அப்படி அழைப்பதற்கு என்ன நியாயம் என்பதை இம்முறை எழுதித் தீர்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

சொற்பிறப்பை விரைவாகச் சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் ‘ஃபேன்’ என்று ஒரே ஒலியும் ஒரே எழுத்தும் கொண்டு வழங்குபவை இரண்டு தனிச் சொற்கள். காற்று வீசும் கருவியைக் குறிக்கும் சொல் இலத்தீனின் ‘வன்னுஸ்’ என்பதிலிருந்து வந்தது. அது தானியம் புடைக்கும் கூடை, அதாவது நம் முறம். கலையையோ விளையாட்டையோ விரும்புபவரைக் குறிக்கும் சொல் ‘ஃபெனட்டிக்’ என்பதன் குறுக்கம். அதன் வேர் கோயிலைக் குறிக்கும் ‘ஃபானும்’ என்ற இலத்தீன் சொல். கோயிலில் தெய்வம் ஏறப்பெற்று ஆவேசம் கொள்பவரை உரோமர்கள் ‘ஃபனாட்டிகுஸ்’ என்றார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க பேஸ்பால் ஆட்டத்தைச் சுற்றி இந்தக் குறுக்கம் பரவியது. 1926இல் தொடங்கிய ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ போன்ற இதழ்களின் வாசகர் கடிதப் பகுதிகளைச் சுற்றி வளர்ந்த அறிவியல் புனைவு வாசகர் கூட்டமும் அதைத் தன் பெயராக எடுத்துக்கொண்டது. ஆக, முறத்தில் பிறந்தது ஒரு சொல், கோயிலில் பிறந்தது மற்றொன்று. இரண்டும் ஒலியளவில் தற்செயலாக ஒன்றுபட்டன என்பதைத் தவிர இவற்றுக்கிடையே உறவு எதுவும் இல்லை. ‘ஃபனாட்டிகுஸ்’ என்பதற்கு நேர்ச்சொல் வேண்டும் என்று யாராவது அடம்பிடித்தால், நம்மிடம் ‘சாமியாடி’ என்ற அருமையான சொல் இருக்கிறது. அதைப் பயன்படுத்தச் சொல்லவில்லை. ஆனால் அது விசிறியைவிட ஆயிரம் மடங்கு நேர்மையான மொழிபெயர்ப்பு.

விசிறியை ஆதரிப்பவர்கள் வழக்கமாகச் சில வாதங்களை முன்வைக்கிறார்கள். அரசனுக்குப் பக்கத்தில் நின்று கவரி வீசும் பணியாளைப் போல, தனக்குப் பிடித்த கலைஞருக்குப் புகழ்க்காற்று வீசுபவரே விசிறி என்பது முதல் வாதம். கேட்பதற்கு அழகாக இருக்கிறது. ஆனால் இது பிழை நடந்த பிறகு அதற்குத் தைத்த சட்டை. சொல்லை உருவாக்கியவர் கவரியை நினைத்து உருவாக்கியதாகத் தெரியவில்லை. அகராதியில் தவறான பதிவைப் பார்த்தோ, வேடிக்கைக்காகவோ உருவாக்கியிருக்கலாம், பின்னால் வந்தவர்கள் உவமையைத் தேடிப் பொருத்தியிருக்கலாம். அப்படியே உவமையை ஏற்றுக்கொண்டாலும், தமிழ் இலக்கியத்தில் மிகப் புகழ்பெற்ற விசிறல் எது என்று பார்க்க வேண்டாமா? அரச முரசை வைக்கும் முரசுகட்டில் என்று அறியாமல் அதன்மேல் படுத்து உறங்கிவிட்ட மோசிகீரனாரைத் தண்டிக்காமல், தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை தானே அருகில் வந்து வீசினான். ‘தண்ணென வீசியோயே’ என்று புலவர் பாடியது புறநானூற்றின் ஐம்பதாம் பாட்டு. அங்கே பாட்டைச் சுவைத்தவன் அரசன், விசிறியவனும் அரசன். விசிறியின் காற்று படைத்தவனை நோக்கி வீசியது உண்மைதான். ஆனால் அந்தக் காட்சியின் வியப்பு முழுவதும், விசிறக் கூடாத இடத்தில் இருப்பவன் விசிறினான் என்பதில் இருக்கிறது. பணியாளர் விசிறியிருந்தால் பாட்டே இல்லை. கவரிப் பணியாளைப் பெருமைப் பெயராக்க நினைப்பவர்களுக்கு இந்தப் பாட்டு துணைக்கு வராது.

இரண்டாவது வாதம் இலக்கணம் சார்ந்தது: விசிறுபவர் விசிறி என்று ஆளுக்கும் பெயர் அமையும் என்பது. அதில் பாதி நியாயம் உண்டு. விசிறி அஃறிணைப் பெயர், அதை ஆளுக்கு வைக்கக் கூடாது என்று சிலர் மறுப்பதை நான் ஏற்கவில்லை. இகர ஈறு கருவியையும் குறிக்கும், ஆளையும் குறிக்கும். வழிகாட்டி என்பவர் மனிதராகவும் இருக்கலாம், பலகையாகவும் இருக்கலாம், நாடோடி மனிதர்தான். ஆகவே சொல்லமைப்பில் குற்றம் இல்லை. குற்றம் பொருளில் இருக்கிறது. வலையை விசிறுபவரையும் விசிறி என்று சொல்லலாம், ஒருவரும் மறுக்க முடியாது; ஒரு தொடரை விரும்பிப் பார்ப்பவர் எதை விசிறுகிறார் என்ற கேள்விக்குத்தான் பதில் இல்லை.

மூன்றாவது வாதத்தை வெளிப்படையாகச் சொல்பவர்கள் குறைவு, ஆனால் மற்ற இரண்டுக்கும் பின்னால் நிற்பது அதுதான். ‘ரசிகர்’ வடசொல், ரகரம் தமிழில் மொழிக்கு முதலில் வராது, ‘இரசிகர்’ என்று எழுதினால் வாய் ஒத்துழைக்கவில்லை, ஆகவே நல்ல தமிழாக ‘விசிறி’ என்கிறார்கள். தூய்மையில் எனக்கும் அக்கறை உண்டு. தமிழில் சொல் இருக்கும்போது இரவல் வாங்குவதை நானும் விரும்புவதில்லை. ஆனால் எதைத் தூய்மை என்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். ரசிகர் என்ற சொல் ‘ரச’ என்ற வேரிலிருந்து, சுவைப்பவர் என்ற பொருளோடு வந்து, அந்தப் பொருளோடே நம்மிடம் குடியேறிவிட்டது. விசிறியோ தமிழ் எழுத்துகளால் ஆன சொல். ஆனால் அதற்குள் இருப்பது ஆங்கிலத்தின் ஒலித் தற்செயல். ஆங்கிலம் தெரியாத ஒருவருக்கு, மனிதரை ஏன் விசிறி என்கிறோம் என்பதை ஆங்கிலத்தைச் சொல்லிக் கொடுக்காமல் விளக்க முடியாது. ஆங்கிலத்தின் ஊன்றுகோல் இல்லாமல் நிற்க முடியாத சொல்லைத் தூய தமிழ் என்று எப்படி அழைப்பது? உடை தமிழ், உடம்பு ஆங்கிலம், அதிலும் தவறாகப் புரிந்துகொண்ட ஆங்கிலம். வடசொல்லை வாசலில் நிறுத்திவிட்டு ஆங்கிலப் பிழையைக் கூடத்தில் உட்கார வைப்பது எந்த வகைக் காவல் என்று எனக்கு விளங்கவில்லை.

ஆகவே ரசிகர் போதும் என்று முடித்துவிடலாமா? இங்கேதான் அந்தக் கட்டுரையின் பொருளுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. ஜாஸ் வீடன் உருவாக்கிய ‘ஃபயர்ஃபிளை’ 2002 செப்டம்பரில் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கியது. எடுக்கப்பட்ட 14 பகுதிகளில் 11 மட்டுமே ஒளிபரப்பாயின. அவையும் வரிசை மாறி வந்தன, கதையைத் தொடங்கி வைக்க வேண்டிய முதல் பகுதி டிசம்பரில் கடைசியாக வந்தது. தொடரை நிறுத்துகிறார்கள் என்று தெரிந்ததும் பார்த்தவர்கள் பணம் சேர்த்து ‘வெரைட்டி’ என்ற திரைத்துறை இதழில் விளம்பரம் கொடுத்தார்கள். அது பலிக்கவில்லை. 2003 டிசம்பரில் வெளியான குறுந்தகடுத் தொகுப்பை அவர்கள் வாங்கிய வேகம் யுனிவர்சல் நிறுவனத்தைத் திரைப்படத்துக்கு இணங்க வைத்த காரணங்களுள் ஒன்று. 2005 செப்டம்பர் 30இல் படம் வெளிவருவதற்குப் பல மாதங்கள் முன்பே, முற்றுப்பெறாத பிரதியை மே மாதம் 10 அமெரிக்க நகரங்களில் திரையிட்டார்கள். தேவை மிகுந்ததால் அடுத்தடுத்து 20 நகரங்கள், 35 நகரங்கள் என்று விரித்தார்கள். படம் சுமார் 39 மில்லியன் டாலர் செலவில் எடுக்கப்பட்டு உலகெங்கும் சுமார் 40 மில்லியன் மட்டுமே ஈட்டியது. ஆனாலும் 2006இல் அதற்கு அறிவியல் புனைவுக்கான ஹ்யூகோ விருது கிடைத்தது. அதே ஆண்டு தொடங்கி, பல நகரங்களில் அறக்கொடைக்காக அதைத் திரையிட்டு வருகிறார்கள்.

இவர்கள் செய்ததை ‘ரசித்தல்’ என்ற ஒரு வினைக்குள் அடக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ரசிகர் சுவைக்கிறார், தட்டு எடுக்கப்பட்டதும் எழுந்து போகிறார். இவர்கள் எடுக்கப்பட்ட தட்டைத் திரும்பக் கேட்டு வரிசையில் நின்றவர்கள். ‘ஸ்டார் டிரெக்’ தொடரைப் பார்த்தவர்களும் இந்த வகையினரே. 1969இல் முடிந்துவிட்ட தொடரிலுள்ள விண்கலத்தின் பெயரான ‘என்டர்பிரைஸ்’ என்பதை அமெரிக்காவின் முதல் விண்ணோடத்துக்கு வைக்கும்படி கடிதங்களைக் குவித்து, 1976இல் அதைச் சாதித்தார்கள். இந்த இயல்புக்குத் தனிச்சொல் தேவை.

‘வெறியர்’ என்று சிலர் எழுதுகிறார்கள். ஆங்கில மூலத்துக்கு அது நெருக்கம்தான் என்றாலும், தமிழில் வெறியர் என்றதும் மொழிவெறி, மதவெறி என்று கை ஓங்கிய உருவமே கண்முன் வருகிறது. திரையரங்க வாசலில் அனுமதிச்சீட்டோடு நிற்பவரை அப்படி அழைப்பது அவதூறு. ‘சுவைஞர்’ நல்ல ஆக்கம், ஆனால் அது ரசிகரின் தமிழ் வடிவம் என்பதால் அதே போதாமை அதற்கும் உண்டு. தவிர, சுவைஞர் என்றதும் நிதானமாகத் தலையாட்டும் ஒருவர் தெரிகிறாரே ஒழிய, ஊர் ஊராகத் திரையிடலுக்கு ஏற்பாடு செய்பவர் தெரியவில்லை. மிகப் பொருத்தமாக இருந்திருக்கக்கூடிய சொல் ‘ஆர்வலர்’. ‘அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ் ஆர்வலர் புன்கணீர் பூசல் தரும்’ என்ற குறளில் ஆர்வலர் என்பவர் அன்புடையவர். அவருடைய கண்ணீரே உள்ளிருக்கும் அன்பை ஊரறியச் செய்துவிடுகிறது. தொடர் நின்றபோது அழுதவர்களுக்கு இதைவிடச் சிறந்த பெயர் ஏது? ஆனால் அந்தச் சொல்லைச் செய்தித்தாள்கள் ‘சமூக ஆர்வலர்’ என்று போராடுபவருக்குக் கொடுத்துவிட்டன. இனிமேல் ‘ஃபயர்ஃபிளை ஆர்வலர்’ என்றால் மின்மினிப் பூச்சிகளைக் காக்க மனுக் கொடுப்பவர் என்றுதான் பொருள்படும். எஞ்சியிருப்பது ‘பற்றாளர்’. தமிழ்ப் பற்றாளர் என்று முன்பே வழங்கும் சொல், விளக்கம் தேவையில்லை. பற்றுதல் என்பதில் விரும்புதலும் உண்டு, பிடித்ததை விடாதிருத்தலும் உண்டு; நிறுவனம் கைவிட்ட பிறகும் கைவிடாதவர்களுக்கு அந்த இரண்டாம் பொருள்தான் முக்கியம். பார்த்து மகிழ்பவர் ரசிகர், விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர் பற்றாளர் என்று பிரித்து வழங்குவதையே பரிந்துரைக்கிறேன். அப்படிப் பார்த்தால் ‘விசிறிப் புனைகதை’ என்பது ‘ரசிகர் புனைவு’ ஆகும், ‘விசிறியுலகம்’ ‘பற்றாளர் வட்டம்’ ஆகும்.

மொழிபெயர்ப்பாளர்களின் சிக்கல் ஒரு சொல்லோடு நிற்பதில்லை. அதே கட்டுரையில் படத்தின் பெயர் ‘அமைதி’ என்று மாற்றப்பட்டிருந்தது. செரினிட்டி என்பது கதையில் வரும் விண்கலத்தின் பெயர்; அக்கலத்துக்கு அப்பெயர் வந்தது, கதைத்தலைவன் தோற்ற போர் நடந்த பள்ளத்தாக்கினால். பெயரை அமைதி என்று மாற்றியதும் அந்தத் தோல்வியின் கசப்பு முழுவதும் கழுவிவிடப்படுகிறது. அந்தப் போரில் தோற்ற அணியினர் பழுப்பு நிற மேலங்கி அணிந்தவர்கள் என்பதால், பற்றாளர்களும் தங்களை ‘பிரவுன்கோட்ஸ்’ என்று அழைத்துக்கொண்டார்கள். தோற்றவர்களின் பெயரை விரும்பி எடுத்துக்கொண்ட இந்த நுட்பத்தைக் கட்டுரை ‘பழுப்புக் கோடுகள்’ என்று மொழிபெயர்த்திருந்தது. மேலங்கி கோடாகிவிட்டது. ‘பழுப்பங்கியர்’ என்று எழுத ஒரு நிமிடம் போதும். படத்தைப் பார்க்க வேண்டியதுகூட இல்லை, சொல்லைப் பார்த்தாலே போதும். இயந்திரம் மொழிபெயர்த்தது என்று சமாதானம் சொல்வார்கள். இயந்திரம் விசிறியைத் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. நாம் பல ஆண்டுகளாக எழுதி வைத்ததைத்தான் திருப்பிக் கொடுக்கிறது.

அக்கட்டுரையில் மற்றொரு வரி இருந்தது: ‘2007இல் ஒரு விசிறி இத்தொடரையும் படத்தையும் விண்வெளி நிலையத்துக்குக் கொண்டு சென்றது.’ அட்லாண்டிஸ் விண்ணோடத்தில் சென்ற ஸ்டீவன் ஸ்வான்சன் என்ற விண்வெளி வீரர் அந்தக் குறுந்தகடுகளை எடுத்துச் சென்றது உண்மை. ஆனால் எடையற்ற சூழலில் சூடான காற்று தானாக மேலெழாது என்பதால், நிலையத்தில் காற்று தேங்காமல் சுழல்வதற்கு நிஜ விசிறிகள் இடைவிடாமல் ஓட வேண்டும். அங்கே ஒரு விசிறி போய்ச் சேர்ந்தது என்று படிக்கும் எவரும், பழுதான ஒன்றுக்கு மாற்று போயிருக்கிறது என்றுதான் எண்ணுவார்கள். ‘சென்றது’ என்ற அஃறிணை முற்று அந்த எண்ணத்தை உறுதியும் செய்துவிடும். ‘2007இல் இத்தொடரின் பற்றாளரான விண்வெளி வீரர் ஒருவர் தொடரையும் படத்தையும் விண்வெளி நிலையத்துக்கு எடுத்துச் சென்றார்’ என்று திருத்தி, கட்டுரையை வெளியிட்டவர்களுக்கு அனுப்பியிருக்கிறேன்.