தானம் வந்த மாட்டின் பல்

என் அக்கா மகன் காலாப்பட்டில் பொறியியல் படிக்கிறான். போன வருஷம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கடலூருக்கு வந்தவன், முதுகுப் பையைக் கூடச் சரியாக இறக்கி வைக்காமல் லேப்டாப்பைத் திறந்து என் முன்னால் வைத்தான்.

"காசா கேட்டேன் மாமா? சும்மாதானே குடுக்கறேன். அதுக்குப் பதினேழு கேள்வி கேக்கறாங்க!"

விஷயம் இதுதான். கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு வெளிச்ச உணரி வாங்கியிருந்தான். இருட்டினால் விளக்கு தானாக எரிய வேண்டும் என்று ஹாஸ்டலில் ஒரு சோதனை. அந்த உணரிக்கு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் டிரைவர் இல்லை. டிரைவர் என்பது ஒரு கருவிக்கும் கணினிக்கும் நடுவே நிற்கும் மொழிபெயர்ப்பாளர் மாதிரி. அதை அவனே எழுதினான், ஓடியது. எல்லோருக்கும் பயன்படட்டுமே என்று லினக்ஸ் கெர்னலுக்கு அனுப்பி வைத்தான். கெர்னல் என்பது லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ல் தொடங்கிய, இன்றைக்கு ஆண்ட்ராய்டு போன் முதல் சூப்பர் கம்ப்யூட்டர் வரை எல்லாவற்றிலும் அடியில் ஓடுகிற நிரல். அங்கிருந்து வந்த பதிலில்தான் பதினேழு கேள்விகள்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று நம் ஊரில் சொல்வார்கள். திறமூல மென்பொருளில், அதாவது நிரலை யாரும் படித்து மாற்றும்படி திறந்துவைத்த மென்பொருளில், பல்லைத்தான் முதலில் பிடித்துப் பார்க்கிறார்கள். வேப்பூர் சந்தையில் ஆடு வாங்குகிறவர் வாயைத் திறந்து "ரெண்டு பல்லா, நாலு பல்லா" என்று எண்ணுவாரே, அந்தக் கறாரோடு. இத்தனைக்கும் சந்தையில் காசு கைமாறுகிறது, இங்கே அதுவும் இல்லை.

ஏன் என்று புரிய, தீனிச் செலவை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு டிரைவர் கெர்னலுக்குள் வந்துவிட்டால் அதைக் காலம் முழுக்கக் கட்டித் தீனி போட வேண்டியது கெர்னல்காரர்கள்தான். உள்ளே ஒரு பொதுச் செயல்பாட்டின் வடிவத்தை யாராவது மாற்றினால், அதைப் பயன்படுத்தும் அத்தனை டிரைவர்களையும் மாற்றுகிறவரே திருத்திக் கொடுக்க வேண்டும் என்பது அங்கே நடைமுறை. எழுதியவன் படிப்பை முடித்து வேலைக்குப் போய்விட்டிருப்பான், அந்த உணரியை எங்கேயோ தொலைத்திருப்பான், ஆனால் அவன் நிரல் உள்ளேயே இருக்கும். இப்படிச் சுமக்க முடியாமல் போய் வெளியேற்றியவையும் உண்டு. 386 என்ற இன்டெல் சிப்புக்காகத்தான் லினக்ஸ் பிறந்தது. அந்த 386க்கான நிரலையே 2012 டிசம்பரில் நீக்கிவிட்டார்கள். வீட்டின் முதல் மாட்டுக்கே அந்தக் கதி என்றால், பல் பார்ப்பதில் ஆச்சரியம் இல்லை.

சரி, பதினேழு கேள்விகளுக்கு வருவோம். உட்கார்ந்து இரண்டு பேரும் படித்தோம்.

முதல் நாலைந்து, மனிதர்கள் கேட்டவையே இல்லை. அனுப்பும் முன்னாலேயே ஓட்டிப் பார்க்கச் சொல்லி கெர்னலில் ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது. வரி நீளம், இடைவெளி, தேவையில்லாத அடைப்புக்குறி என்று இம்போசிஷன் நோட்டு திருத்துகிற வாத்தியார் மாதிரி அது கறாராகப் பார்க்கும். இவன் ஓட்டவில்லை. அப்புறம் ஒரு ரோபோ. யார் எந்த பேட்ச், அதாவது நிரல் மாற்றம், அனுப்பினாலும் அதை எடுத்து, பலவகை ப்ராசசர்களுக்கும் பலவகை அமைப்புகளுக்கும் ஓடக்கூடிய வடிவமாகத் தொகுத்துப் பார்த்து, எங்கே முட்டுகிறது என்று தானாக மின்னஞ்சல் போடும். மின்சேமிப்பு வசதியை அணைத்துவிட்டுத் தொகுத்தால் உன் நிரலில் இரண்டு ஃபங்ஷன்கள் யாராலும் அழைக்கப்படாமல் கிடக்கின்றன என்று அது சொல்லியிருந்தது. இவன் லேப்டாப்பில் அந்த வசதி எப்போதும் இயங்கிக்கொண்டே இருக்கும். அதனால் கண்ணில் படவே இல்லை.

மனிதர்கள் கேட்டதுதான் ருசியான பகுதி. ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

உணரி வெளிச்சத்தை ஓர் எண்ணாகத் தரும். அந்த எண் பெரியது என்பதால் இரண்டு பைட்டுகளில் வைத்திருக்கும். மேல் பைட், கீழ் பைட். மேல் பைட்டை 256ஆல் பெருக்கிக் கீழ் பைட்டைக் கூட்டினால் எண் வந்துவிடும். இவன் முதலில் கீழ் பைட்டைப் படித்தான், பிறகு தனியாக மேல் பைட்டைப் படித்தான். மேசையில் வைத்து நூறு தடவை சோதித்தபோதும் சரியாக வந்தது. பரிசீலித்தவர் கேட்ட கேள்வி ஒரே வரி: "இரண்டு வாசிப்புக்கும் நடுவில் எண் மாறினால்?"

எண் 255 என்று வையுங்கள். மேல் பைட் 0, கீழ் பைட் 255. இவன் கீழ் பைட்டைப் படித்து 255 என்று எடுத்துக்கொண்டான். அந்தக் கணத்தில் வெளிச்சம் ஒரு மயிரிழை கூடி எண் 256 ஆகிறது. இப்போது மேல் பைட் 1, கீழ் பைட் 0. இவன் மேல் பைட்டைப் படிக்கிறான், 1. கூட்டினால் 511. உண்மையான வெளிச்சத்தைப் போல இரண்டு மடங்கு! ஒரு கணம்தான், அடுத்த வாசிப்பில் சரியாகிவிடும். ஆனால் அந்த ஒரு கணத்தில் பொழுது சாயும் நேரத்தில் விளக்கு கண் சிமிட்டும். யாரும் காரணம் கண்டுபிடிக்க மாட்டார்கள். வயர் லூஸ் என்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுவார்கள். இரண்டு பைட்டையும் ஒரே மூச்சில் சேர்த்துப் படி என்பதுதான் தீர்வு. ஒரு வரி மாற்றம்.

இதைக் கேட்டவர் அந்த உணரியைக் கையில் வைத்திருந்தாரா என்றால், இல்லை. இதே மாதிரி எத்தனையோ டிரைவர்களில் இதே பிழையைப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

இன்னொன்று, உணரி தயாராக 50 மில்லி நொடி ஆகும். அதுவரை ப்ராசசரை நின்ற இடத்திலேயே சும்மா சுற்றவிடும் கட்டளையைப் போட்டிருந்தான். தூங்கவிடுகிற கட்டளை தனியாக இருக்கிறது, அதைப் போட்டால் அந்த நேரத்தில் ப்ராசசர் வேறு வேலை பார்க்கும் என்றார்கள். மின்சாரத்தைத் திறந்துவிட்டு, இடையில் ஏதாவது தோற்றால் மூடாமலேயே வெளியேறும் ஓர் இடத்தையும் பிடித்தார்கள். கடைசியாக, "என்ன செய்திருக்கிறாய் என்று எழுதியிருக்கிறாய், ஏன் என்று எழுதவில்லை." இதில்தான் பையனுக்குக் கோபம் அதிகம். எனக்கென்னவோ இதுதான் பதினேழிலும் பெரிய கேள்வி என்று பட்டது. பத்து வருஷம் கழித்து ஒருவர் இந்த வரியைத் தொடலாமா கூடாதா என்று முழிக்கும்போது, அவருக்குப் பேசப்போவது அந்தக் குறிப்பு மட்டும்தான்.

கேட்ட தொனி கொஞ்சம் முகத்தில் அடித்த மாதிரிதான் இருந்தது. முன்பு இதைவிட மோசம். டோர்வால்ட்ஸே தன் வாய்த்துடுக்குக்கு 2018 செப்டம்பரில் மன்னிப்புக் கேட்டுக் கொஞ்ச நாள் ஒதுங்கியிருந்தார். அதே சமயத்தில்தான் கெர்னலுக்கு ஒரு நடத்தை விதியும் வந்தது.

பையன் திருத்தித் திருத்தி நான்காவது பதிப்பை அனுப்பியபோது கேள்வி கேட்டவரே "பரிசீலித்தேன்" என்று தன் பெயரோடு ஒரு வரி கொடுத்தார். அந்த வரி நிரலோடு நிரந்தரமாகப் போகும். பிழை வந்தால் எழுதியவனை மட்டுமல்ல, பார்த்தேன் என்று சொன்னவரையும் எல்லோரும் பார்ப்பார்கள். அதனால் யாரும் அதைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிடுவதில்லை. அதற்கும் முன்னால், எழுதியவனே போட வேண்டிய கையொப்ப வரி ஒன்று உண்டு. "இதை இந்த உரிமத்தில் கொடுக்க எனக்கு உரிமை இருக்கிறது" என்பது அதன் பொருள். எஸ்சிஓ என்ற நிறுவனம் தன் நிரல் லினக்ஸுக்குள் புகுந்துவிட்டது என்று 2003ல் ஐபிஎம் மேல் வழக்குப் போட்டது. அடுத்த வருஷமே இந்த வரி நடைமுறைக்கு வந்துவிட்டது. மனை வாங்கப் போனால் மூலப்பத்திரத்தைக் காட்டு என்கிறோமே, அதுதான். நிரல் எந்தெந்தக் கை மாறிப் போகிறதோ அந்தந்தக் கையும் கீழே ஒரு கையொப்பம் சேர்த்துக்கொண்டே போகும்.

வில்லங்கம் பார்ப்பதில் கெட்டிக்காரர்கள், லினக்ஸை மற்ற மென்பொருள்களோடு சேர்த்துக் கட்டித் தரும் டெபியன்காரர்கள். அங்கே புதிதாக ஒரு மென்பொருள் பொதி வந்தால் தனி வரிசையில் நிற்க வேண்டும். ஒரு சிறு குழு ஒவ்வொரு கோப்பின் உரிமத்தையும் பார்த்த பிறகுதான் உள்ளே விடும். பல திறமூல மென்பொருள்களை நடத்தும் அப்பாச்சி அறக்கட்டளையின் திட்டங்களில் +1, -1 என்று ஓட்டு. நிரலுக்கு எதிராக -1 போட்டால் அது வீட்டோ. ஆனால் தொழில்நுட்பக் காரணம் சொல்லியாக வேண்டும், பிடிக்கவில்லை என்பது செல்லாது. நிரல்களை வைத்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் இருக்கும் பல்லாயிரம் சின்னத் திட்டங்களில் ஒருவர், என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள் என்று புல் ரெக்வெஸ்ட் அனுப்புவார், இன்னொருவர் பார்த்து, சேர்க்கும் மெர்ஜ் பொத்தானை அழுத்துவார். அவ்வளவுதான்.

கெர்னலில் பொத்தானை அழுத்துகிறவர் டோர்வால்ட்ஸ் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஒவ்வொரு வெளியீட்டிலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் வருகின்றன. மனிதர் எப்படிப் படிப்பார்? ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பராமரிப்பாளர் இருக்கிறார். உணரிகளுக்கு ஒருவர், வலைப்பின்னலுக்குச் சிலர், கோப்பு முறைமைகளுக்குச் சிலர். அவர்கள் சேர்த்துவைத்ததைத்தான் டோர்வால்ட்ஸ் இழுத்துக்கொள்கிறார். அவர் நிரலை நம்புவதைவிட ஆளைத்தான் நம்புகிறார். கெர்னலின் ஒரு பதிப்பு வெளியானதும் இரண்டு வாரம் கதவு திறந்திருக்கும். புதியவை எல்லாம் அதற்குள் நுழைந்தாக வேண்டும். பிறகு கதவு சாத்தப்பட்டு, ஏழெட்டு வாரம் பிழை திருத்தம் மட்டும். தவறவிட்டால் அடுத்த கதவுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். நம் பையன் ஒரு கதவைத் தவறவிட்டான். செமஸ்டர் தேர்வு.

இத்தனை பார்த்தும் ஓட்டை விழாதா என்றால், விழுந்திருக்கிறது. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது 2011 டிசம்பர் 30 காலையில். இந்தப் பக்கத்துக்காரர்கள் யாரும் அந்தத் தேதியை மறக்க மாட்டார்கள். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. மறுநாள், புத்தாண்டுக்கு முந்தைய இரவு, நாங்கள் கரண்ட் இல்லாமல் உட்கார்ந்திருந்தபோது, உலகத்தின் இன்னொரு மூலையில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற நிரலில் ஒரு புதிய வசதி சேர்க்கப்பட்டது. பாதுகாப்பான இணையதளங்களில் பெரும்பகுதி நம்பியிருந்த நிரல் அது. எழுதியவர் ஒருவர், பரிசீலித்தவர் ஒருவர். இரண்டு பேர் கண்ணிலும் ஒன்று படவில்லை.

வசதி எளிமையானது. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு கணினி இன்னொன்றிடம், "முந்திரி என்ற நாலெழுத்துச் சொல்லைத் திருப்பிச் சொல்" என்று கேட்கும். மற்றது திருப்பிச் சொல்லும். "முந்திரி என்ற அறுபதாயிரம் எழுத்துச் சொல்லைத் திருப்பிச் சொல்" என்று கேட்டால்? வந்த சொல்லின் உண்மையான நீளத்தைச் சரிபார்க்கும் வரி விட்டுப்போயிருந்தது. எனவே முந்திரியைச் சொல்லிவிட்டு, நினைவகத்தில் அதற்குப் பக்கத்தில் என்ன கிடந்ததோ அதையெல்லாம், கடவுச்சொல்லோ ரகசியச் சாவியோ, ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரை வாரிக் கொடுத்தது. ஹார்ட்பிளீட் என்று பெயர் வைத்தார்கள். வெளியே தெரிந்தது 2014 ஏப்ரலில். இடைப்பட்ட இரண்டு வருஷத்துக்கு மேல் அந்த நிரலை யார் வேண்டுமானாலும் படித்திருக்கலாம், திறந்துதான் கிடந்தது. பல் பார்க்கலாம் என்பதற்கும் பார்த்தார்கள் என்பதற்கும் நடுவில் இவ்வளவு தூரம்.

2024ல் நடந்தது வேறு ரகம். எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியை ஒரே ஒருவர் பல வருஷமாகத் தன் ஓய்வு நேரத்தில் பராமரித்து வந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்து, இரண்டு வருஷத்துக்கு மேல் ஒழுங்காகப் பயனுள்ள திருத்தங்களை அனுப்பினார். வேறு சில பெயர்கள், வேலை மெதுவாக நடக்கிறது, பொறுப்பை யாரிடமாவது கொடு என்று பழையவரை நச்சரித்தன. களைத்துப்போனவர் பொறுப்பைப் பகிர்ந்தார். பால் கறக்க வந்தவர் கொட்டகைச் சாவியையே வாங்கிவிட்டார். 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக்கதவு வந்தது. பார்த்தால் குப்பை மாதிரித் தெரியும் சோதனைக் கோப்புகளுக்குள் அதை மறைத்திருந்தார். அதை உயிர்ப்பிக்கும் துண்டோ, எல்லோரும் பரிசீலிக்கும் நிரல் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுப் பொதியில் மட்டும் இருந்தது. பரிசீலனை ஓரிடத்தில் நடக்க, திருட்டு வேறிடத்தில் நடந்தது.

ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய அரை நொடி கூடுதலாகிறதே என்று எரிச்சல்பட்டுத் தோண்டிப் பார்த்து, மார்ச் 29 அன்று உலகத்துக்குச் சொன்னார். டெபியனின் நிலையான பதிப்புக்குள் அது இன்னும் போய்ச் சேரவில்லை. புதியதை முதலில் சோதனைக் கிளைகளில் ஊறப்போட்டு, நாள் கழித்துத்தான் மேலே அனுப்பும் அந்தச் சலிப்பூட்டும் வழக்கம் அன்றைக்குக் காப்பாற்றியது.

பையனின் டிரைவர் ஆறாவது பதிப்பில் உள்ளே போனது. கூடவே, பராமரிப்பாளர்கள் பட்டியல் கோப்பில் அவன் பெயரும் மின்னஞ்சலும் ஏறின. அக்கா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். சில வாரம் கழித்து ராத்திரி பத்தரைக்கு போன்.

"மாமா, யாரோ ஒருத்தர் எழுதியிருக்கார். லேப்டாப்பைத் தூங்க வெச்சு எழுப்பினா உணரி பூஜ்யம்னே காட்டுதாம். இதை யார் சரி பண்ணுவாங்க?"

"அந்தப் பட்டியலைத் திறந்து பாரு" என்றேன்.