சீசாவின் ஒரு பக்கம்

"மக்களை இணைக்கும் ஆப்" என்ற தலைப்போடு ஒரு கோப்பு, ஆப்புகளை வடிவமைக்கும் என் மேசைக்கு வருவது இந்த ஆண்டில் இது நான்காவது முறை. முதல் மூன்றுக்கும் பொறுமையாகக் கருத்து எழுதி அனுப்பினேன். நான்காவதைப் பார்த்த பிறகு, இனி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை. எல்லோருக்குமாக இங்கேயே எழுதிவிடுகிறேன்.

தூரத்தில் இருக்கும் பேரப்பிள்ளைகளையும் தாத்தா பாட்டிகளையும் சேர்த்துவைக்கும் செயலி அது. நோக்கத்தில் குறையே இல்லை. அரட்டை, புகைப்படச் சுவர், லைக், பிறந்தநாள் நினைவூட்டல், தினமும் திறந்தால் ஏறும் புள்ளிகள் என்று கடை விரித்திருந்தார்கள். முப்பது பேரிடம் ஆப்பைக் கொடுத்துப் பார்க்கும் யூசர் டெஸ்டிங்கும் முடித்துவிட்டார்களாம். "பாட்டியையும் பேரனையும் ஒரே நேரத்தில் உட்காரவைத்துப் பார்த்தீர்களா?" என்று கேட்டேன். இல்லை. முப்பது பேரும் தனித்தனியாக வந்து தனித்தனியாகப் போனவர்கள்.

சரி, உட்காரவைத்தோம். பக்கத்துப் பக்கத்து அறைகள், ஆளுக்கொரு போன். பாட்டி ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அழுத்துகிறார். விரலைச் சட்டென்று எடுக்காமல் கொஞ்சம் ஊன்றுவது அவர் வழக்கம். முதியவர்கள் பலர் அப்படித்தான். அதனால் நாலு தடவைக்கு ஒரு தடவை வேறு ஏதோ மெனு திறந்துகொள்கிறது. அந்தப் பக்கம் பேரனின் திரையில் "டைப் செய்கிறார்…" என்று வருகிறது, மறைகிறது, மறுபடி வருகிறது. நாற்பது விநாடி பார்த்தான். இரண்டு ஸ்மைலி அனுப்பினான். பிறகு போனைக் கவிழ்த்துவைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய்விட்டான். மூன்று நிமிடம் கழித்துப் பாட்டியின் செய்தி போய்ச் சேர்ந்தது: "நேத்து கனவுல வந்தே". அவர் திரையில் பேரன் பெயருக்குப் பக்கத்தில், அவன் ஆப்பில் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி அதற்குள் அணைந்திருந்தது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர் என் பக்கம் திரும்பி, "ஏம்மா, நான் எதையாவது தப்பா அமுக்கிட்டேனா?" என்றார்.

அன்று மாலை கிளையன்ட், ஆப்பின் புள்ளிவிவரம் காட்டும் டேஷ்போர்டைக் காட்டினார். பாட்டியின் கணக்கில் பதினொரு நிமிட ஈடுபாடு. பச்சை நிறத்தில், மேல்நோக்கிய அம்புக்குறியோடு. அந்தப் பதினொரு நிமிடத்தில் முக்கால்வாசி நேரம் அவர் அணைந்த புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம்.

என்னை எரிச்சலூட்டும் மூடநம்பிக்கை இதுதான்: ஆப்பில் அதிக நேரம் இருந்தால் அதிகம் இணைந்திருக்கிறார்கள் என்று பொருள். எத்தனை கூட்டங்களில் இதைக் கேட்டுவிட்டேன்! கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பதில் வருமா என்று காத்திருப்பது நேரம். அனுப்பிய படம் எங்கே போனது என்று தேடுவது நேரம். முன்பின் தெரியாத ஒருவரோடு நள்ளிரவில் சண்டை போடுவது ரொம்ப நேரம். அடுத்தவர் வாழ்க்கையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதும் நேரம்தான். இத்தனையும் ஒரே கட்டத்தில் கூட்டிப்போட்டு அதற்கு "இணைப்பு" என்று பெயர் வைத்தால், கணக்கு என்னவோ சரியாகத்தான் வரும், உறவு வராது. ஒருவர் நம் வீட்டு வாசலில் அழைப்புமணியை அழுத்திவிட்டு அரைமணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போகிறார். "இன்றைக்கு நம் வாசலில் அரைமணி நேர ஈடுபாடு" என்று யாராவது குறித்துவைப்பார்களா? நாம் குறித்துவைக்கிறோம். குறித்துவைத்துவிட்டு, அழைப்புமணியை இன்னும் பளபளப்பாக்க பட்ஜெட் கேட்கிறோம்.

எதிர்ப்பக்க உதாரணம் ஒன்று. "பி மை ஐஸ்" என்ற செயலி 2015 ஜனவரியில் வெளிவந்தது. தொடங்கியவர் ஹான்ஸ் யோர்கன் வீபெர்க், டென்மார்க்காரர், அவருக்கே பார்வைக் குறைபாடு உண்டு. பார்வையற்ற ஒருவர் பட்டனை அழுத்தினால் எங்கோ இருக்கும் தன்னார்வலர் ஒருவரோடு வீடியோ அழைப்பு கிடைக்கும். கேமராவை ஒரு பெட்டியின் மேல் காட்டி "இதில் தேதி என்ன போட்டிருக்கிறது?" என்று கேட்கலாம். பதில் கிடைத்ததும் அழைப்பு முடிந்தது. இருவரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போகலாம். நேரக் கணக்கு போடுகிறவர்களுக்கு இது படுதோல்வி. நான் ஒருமுறை தன்னார்வலராக அழைப்பை எடுத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

தொழில்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. நம் பழக்கமே தனியாள் பழக்கம். பயனாளர் இப்படிப்பட்டவர் என்று எழுதிவைக்கும் பெர்சோனா அட்டையில் ஒரு முகம், டெஸ்டிங் அறையில் ஒரு நாற்காலி, ஸ்க்ரீன் வரைந்தால் ஒரு போன். சீசாப் பலகையின் ஒரு பக்கத்தில் மட்டும் குழந்தையை உட்காரவைத்துவிட்டு "உட்கார வசதியாக இருக்கிறதா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். வசதியாகத்தான் இருக்கும். இணைக்கிற பொருளுக்கு பெர்சோனாவை ஜோடியாக எழுதுங்கள். இவர் வேகம் என்ன, அவர் வேகம் என்ன, இவருக்கு நேரம் கிடைக்கும்போது அவர் தூங்குகிறாரா, தொடங்கிவைப்பது எப்போதும் யார் என்று எழுதுங்கள். பிரச்சினை பெரும்பாலும் அந்த ஏற்றத்தாழ்வில்தான் ஒளிந்திருக்கும். நான் இப்போதெல்லாம் இரண்டு போன்களையும் அடுத்தடுத்து வைத்து, நடுவில் நேரக்கோடு போட்டுத்தான் வரைகிறேன். மேசை நிறைந்துவிடும், பரவாயில்லை.

இந்தப் பச்சைப் புள்ளி, "கடைசியாகப் பார்த்தது", "படித்துவிட்டார்" எல்லாம் மரியாதைக்காகப் பிறந்தவை. எதிரில் ஆள் இருக்கிறாரா என்று தெரிந்தால் நல்லதுதானே என்று யாரோ யோசித்திருப்பார்கள். பயன்படுத்தத் தொடங்கியதும் குறுக்கு விசாரணையாகிவிட்டது. வாட்ஸ்ஆப் 2014 நவம்பரில் நீல டிக்கைக் கொண்டுவந்தபோது கிளம்பிய எதிர்ப்பில், சீக்கிரமே அதை அணைத்துவைக்கும் வசதியையும் தர வேண்டியதாயிற்று. "பார்த்துட்டு ஏன் பதில் போடலை?" என்ற கேள்வி எத்தனை வீட்டில் சண்டையாகியிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். சந்தேகப் பேர்வழியான துணையிடம் மாட்டிக்கொண்டவருக்கோ அந்தப் புள்ளி சண்டையோடு நிற்காது, அது உளவு. ராத்திரி ஒரு மணிக்கு யாருடன் விழித்திருந்தாய் என்று கேட்க அது ஒன்றே போதும்.

கைபேசியை விட்டுப் பொது இடத்துக்கு வருவோம். அங்கே பாடம் கற்றது என் சொந்தத் தவறில்.

ஒரு கண்காட்சிக்குப் பெரிய தொடுதிரை மேசை ஒன்றை வடிவமைத்தோம். முன்பின் தெரியாதவர்கள் சேர்ந்து விளையாட வேண்டும் என்பது ஏற்பாடு. மேசை ஆறு பேருக்கு இடம் கொடுத்தது. நான் மட்டும் பழக்க தோஷத்தில் ஒரு மூலையில் ஒரே ஒரு மெனுவை வைத்துவிட்டேன். திறந்த அன்று பத்து வயதுப் பையன் ஒருவன் அந்த மூலையைப் பிடித்துக்கொண்டான். பின்னால் பெரியவர்கள் கைகட்டி நின்று வேடிக்கை பார்த்துவிட்டுக் கலைந்தார்கள். ஆறு பேர் மேசை ஒற்றை ஆள் டேப்லெட்டாக முடிந்தது. அன்று இரவே மெனுவைத் தூக்கிவிட்டு ஒன்றைச் செய்தோம். அடுத்த காட்சி திறக்க, இரண்டு மீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு புள்ளிகளை ஒரே சமயத்தில் தொட வேண்டும். ஒருவர் கையை எவ்வளவு விரித்தாலும் எட்டாது. மறுநாள் காலையில் நான் ஓரமாக நின்றிருந்தேன். அதிகம் பேசாதவர் போலத் தெரிந்த ஒருவர் இந்தப் புள்ளியைத் தொட்டார், அந்தப் புள்ளியைப் பார்த்தார், தயங்கினார், பிறகு எதிர்ப்புறம் நின்ற பெண்ணிடம், "அங்கே கொஞ்சம் கை வைக்கிறீங்களா?" என்றார். ஒரு வரி அறிவிப்புகூட நாங்கள் எழுதிவைக்கவில்லை.

இதை நான் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 1980 நவம்பரில் கிட் காலோவே, ஷெரி ரபினோவிட்ஸ் என்ற இரு கலைஞர்கள் நியூயார்க்கிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் தெருவோரத்தில் ஆளுயரத் திரைகளை வைத்துச் செயற்கைக்கோள் வழியாக இணைத்தார்கள். "விண்வெளியில் ஒரு துளை" என்ற பொருளில் பெயர். பலகை இல்லை, விளக்கம் இல்லை, விளம்பரதாரர் பெயர் இல்லை. தன் முகத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் திரையும் இல்லை. முதல் மாலை வழிப்போக்கர்கள் தற்செயலாகக் கண்டுகொண்டார்கள். இரண்டாம் மாலை போன் செய்து சொல்லிவைத்து வந்தார்கள். மூன்றாம் மாலை, வெகுநாள் பார்க்காத உறவுகளைப் பார்க்கவென்றே கூட்டம். மூன்றே நாள்தான். வீடியோ அழைப்பில் எந்நேரமும் நம் முகத்தையே நம் முன் நிறுத்தி, தலைமுடியைச் சரிசெய்துகொண்டே பேசவைத்திருக்கும் இன்றைய டிசைனர்கள் அந்த ஒரு முடிவை மட்டுமாவது கவனித்துப் பார்க்கலாம். ரஃபேல் லொசானோ-ஹெம்மர் என்ற கலைஞர் 2001-இல் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரச் சதுக்கத்தில் செய்தது இன்னொரு வகை. பெரிய சுவர் ஒன்றில் பலமான விளக்கொளியில் மங்கிப்போன உருவப்படங்கள், நடப்பவர்களின் நிழல் விழும் இடத்தில் மட்டும் தெரியும். 2 மீட்டரிலிருந்து 25 மீட்டர் வரை நிழல்கள். அதில் தெரியாதவர்களின் நிழல்கள் ஒன்றோடொன்று விளையாடின. இரண்டு பேருக்கும் பொதுவாக ஏதாவது ஒன்று கையில் கொடுத்தால் பேச்சு தானாக வரும்.

தாமதத்தைப் பற்றிச் சுருக்கமாக. பேச்சில் ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்க எடுக்கும் இடைவெளி சராசரியாக 0.2 விநாடிதான். அதனால்தான் குரல் அழைப்பில் ஒருவழித் தாமதம் (நம் குரல் மறுமுனை சேர ஆகும் நேரம்) 150 மில்லிவிநாடிக்குள், அதாவது 0.15 விநாடிக்குள் இருப்பது நல்லது என்று பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பரிந்துரைக்கிறது. அதைத் தாண்டித் தாண்டிப் போனால் இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, "நீங்க சொல்லுங்க", "இல்ல, நீங்க சொல்லுங்க" என்று முட்டிக்கொள்வார்கள். கடைசியில் "அவர் ஏதோ மாதிரி பேசினார்" என்று பழி ஆள் மீது விழும். நெட்வொர்க் தப்பித்துவிடும்.

இனி, செய்ய வேண்டியவை. மனிதர் ஒருவர் ஏதாவது செய்திருந்தால் மட்டும் நோட்டிஃபிகேஷன் அனுப்புங்கள். "உங்களை மிஸ் செய்கிறோம்" என்று சர்வர் கணினி சொல்லக் கூடாது, சர்வருக்கு யாரையும் மிஸ் செய்யத் தெரியாது. இருக்குமிடம், கடைசியாகப் பார்த்த நேரம் இரண்டும் தொடக்கத்தில் அணைந்தே இருக்கட்டும், வேண்டுமென்றவர் போட்டுக்கொள்வார். பிளாக் செய்தால் பிளாக் ஆனவருக்குச் செய்தி போகக் கூடாது. இதைக்கூடச் சொல்ல வேண்டியிருக்கிறது! முகவரிப் புத்தகத்தை முதல் ஸ்க்ரீனிலேயே கேட்காதீர்கள். அதில் இருக்கும் முந்நூறு பேர் உங்களுக்கு அனுமதி தரவில்லை. தொடும் இடத்துக்குக் குறைந்தபட்ச அளவு ஆப்பிள் 44 பாயின்ட், ஆண்ட்ராய்டு 48 டிபி (இரண்டும் திரையின் அளவைகள்) என்று எழுதிவைத்திருக்கிறது. அழகுக்காக அதைக் குறைக்கிறவர்கள் ஒரு நாள் அந்தப் பாட்டிக்குப் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

இன்னொன்று கெஞ்சலாகவே. பழைய படங்களை எடுத்து "இந்த ஆண்டின் இனிய நினைவுகள்" என்று தானாக நீட்டும் வசதியைச் சேர்க்கும் முன் தயவுசெய்து ஒரு நிமிடம் நில்லுங்கள். 2014 இறுதியில் ஃபேஸ்புக் அப்படி ஒரு ஆண்டுத் தொகுப்பைக் காட்டியபோது, அந்த ஆண்டில் மகளைப் பறிகொடுத்த ஒரு தந்தையின் முன் அந்தக் குழந்தையின் படமே வந்து நின்றது, சுற்றிலும் கொண்டாட்டச் சித்திரங்களோடு. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. நிறுவனத்தில் பொறுப்பில் இருந்தவர் மன்னிப்பும் கேட்டார். "இப்போது பார்க்கலாமா?" என்று முதலில் கேட்டுவிட்டுக் காட்டுங்கள், அது போதும்.

பாட்டி விஷயத்துக்கு வருகிறேன். "டைப் செய்கிறார்" போயிற்று, பச்சைப் புள்ளி போயிற்று, புள்ளிக் கணக்கும் போயிற்று. பெரிய பட்டன் ஒன்று. ஊன்றி அழுத்தினால் குரல் பதிவாகும், விட்டால் போய்விடும். விரலை ஊன்றும் அவர் பழக்கமே இப்போது வசதியாகிவிட்டது. இரண்டாவது சோதனையில் அவர் கனவைச் சொல்லி முடிக்க ஒரு நிமிடம் நாற்பது விநாடி ஆனது. பேரன் அதை இரண்டு தடவை கேட்டான். பிறகு எங்கள் ஆப்பை மூடிவிட்டு, தன் சொந்த போனில் பாட்டியின் எண்ணைப் போட்டான். பக்கத்து அறையில் மணியடித்தது.

டேஷ்போர்டு அன்றைக்குச் சிவப்பு. கிளையன்ட் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அந்த அழைப்பையும் ஆப்புக்குள்ளேயே கொண்டுவர முடியாதா?" என்றார்.